விபத்துப் பதிவேடு

முதல் அடியிலேயே தேனப்பனின் முழங்கால் சில்லு உடைந்தது.

இரும்புக் குழாயை வீசியவன் கார்மேகம். வளைகுடாவின் புஜைரா எண்ணெய்க் கிடங்கு சைட்டின் நான்கு ஃபோர்மேன்களில் மூத்தவன். மற்ற மூவரும் கேம்ப் ஆபீஸ் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு நின்றார்கள். கூலிகளாக வந்த நால்வரையும் கைதூக்கி விட்டு, தனி ரூம் கொடுத்து வைத்திருந்தவர் கேம்ப் பாஸ் தேனப்பன்தான்.

வெள்ளிக்கிழமை. ஆட்கள் எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

நான் மேசையில் விபத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டைம்கீப்பர் இல்லையா, கேம்பில் நடப்பதை எழுதுவது என் டியூட்டி.

எம்.ஏ. வரலாறு படித்தவன் நான். சிற்றரசர்கள் கூடி ராஜாவை வெட்டிச் சாய்த்ததை எழுதிவைத்த அரண்மனை எழுத்தர்களைப் பற்றித்தான் ஆய்வு செய்தேன். அவ்வளவு ரத்தத்துக்கு நடுவே அவர்களுக்குக் கை நடுங்காமல் எப்படி எழுத வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். படித்த படிப்பு எங்கே வந்து உதவுகிறது பாருங்கள்!

"ஐயப்பன் தண்ணி கேட்டப்ப, 'மாஃபி, தண்ணி கிடையாது, வேலையப் பாரு'ன்னியேடா!"

கார்மேகம் வாயைப் பார்த்து அடித்தான். இரண்டு பற்கள் என் செருப்பருகே வந்து விழுந்தன.

கூலிகளாக இருந்த நாளில் இந்த நால்வருக்கும் எனக்கும் ஐயப்பன்தான் ரூம்காரன். கோடையில் உச்சி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஜூலையில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு அவனை டாங்க் மேலே ஏற்றினார் தேனப்பன். சுருண்டு விழுந்தவன் எழவே இல்லை. தப்பு முழுக்க உன் புருஷன் மேல்தான் என்று ஊரில் கனகாவுக்குச் சொல்லி, சவப்பெட்டியை அனுப்பிவைத்தார்கள்.

தேனப்பன் தரையில் ஊர்ந்து வந்து என் காலைப் பிடித்தார்.

"தம்பி... நீயாவது உள்ளத உள்ளபடி எழுதுப்பா."

ஆகட்டும் என்று தலையாட்டினேன்.

எழுத எதுவும் பாக்கி இல்லை என்று அவருக்குத் தெரியாது. மதியமே, கை நடுங்காமல், முடித்துவிட்டேன். ஐயப்பன் செத்த அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பக்கத்தைத் திருப்பி, பெயரை மட்டும் மாற்றி, அப்படியே காப்பி அடித்திருந்தேன்.

'படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். சொந்தக் கவனக்குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார்.'

நேரம் மட்டும் போடவில்லை. தேனப்பன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.