நடுவில் ஒரு கிலுகிலுப்பை

மொய்ரா ஹெட்போனைக் கழற்றி, வலது இடதாகத் திருப்பி மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

அதே பாட்டு. அதே இடத்தில் அதே கிடார்.

எதுவும் மாறவில்லை.

அப்படி இருக்க வழியே இல்லை. குளிர்காலத்துக் காய்ச்சல் அவளுடைய வலது காதைச் செவிடாக்கிவிட்டுப் போனதிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் அவள் இரண்டு முறை கேட்கிறாள். நேராக மாட்டினால் பாட்டின் இடது பாதி. திருப்பி மாட்டினால், கேட்கிற ஒற்றைக் காதில் வலது பாதி. இரண்டையும் மனதுக்குள் ஒட்டிக்கொள்வாள்.

டெவன்போர்ட்டில் அவள் வீட்டு கார் கொட்டகைதான் ஸ்டூடியோ. அவளுடைய இணையப் பாட்டுக் குழுவில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒருவர் சமையலறையில் பதிவு செய்வார், இன்னொருவர் துணி அலமாரிக்குள் நின்று பாடுவார். மாதம் ஒருவர் தன் பாட்டை உதிரியாக அனுப்புவார். குரல் தனி, கிடார் தனி, தாளம் தனி. எது உரக்க, எது மெல்ல, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று மற்றவர்கள் அவரவர் கைப்பக்குவத்தில் கலந்து அனுப்புவார்கள்.

வந்து சேரும் கலவைகளில் மொய்ரா பெயர்களை எடுத்துவிட்டு எண் போடுவாள். சனிக்கிழமை மாலை எல்லோரும் இணையத்தில் கூடி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முதல் கருத்து அவளுடையது. குழுவைத் தொடங்கியவள் அவள்தான்.

காது விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் குட்டு வெளிப்படப் பார்த்தது. கல்கூர்லியிலிருந்து நெவில் தன் கலவையைக் கூட்டம் தொடங்குகிற நேரத்தில்தான் அனுப்பினான். எண் போடவும், திருப்பி மாட்டிக் கேட்கவும் அவகாசமில்லை.

"கிலுகிலுப்பையை ஏம்ப்பா தூக்கிட்ட? அந்தப் பாட்டுக்கு உயிரே அதுதான்" என்றாள் மொய்ரா.

நெவில் வாயைத் திறந்து, மூடினான்.

டோங்காவிலிருந்து தெவிதாதான் சிரித்தான். "எங்கயாவது தொலைச்சிருப்பான், தலைவி. கிடாரையே டாக்ஸியில விட்டுட்டு வந்தவன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

கூட்டம் முடிந்ததும் ஹெட்போனைத் திருப்பிக் கேட்டாள். பாட்டின் வலது ஓரத்தில், முதலிலிருந்து கடைசி வரை, கிலுகிலுப்பை குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பாதிப் பாட்டைக் கேட்கிறவள் அடுத்தவர் பாட்டுக்குக் கருத்துச் சொல்லக் கூடாது. இந்த மாதத்தோடு போதும். இன்றைய கூட்டத்தில் விடைபெறுவதற்கு நான்கு வரிகள் எழுதி, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவர்களுக்கும் சலித்திருக்க வேண்டும். ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுக்கொண்டே இருக்கும் குழு, இந்த மாதம் முழுக்க வாயே திறக்கவில்லை.

இப்போது இது. ஹெட்போன் பழுதோ? ஏதோ ஒரு பழைய பாட்டை ஓடவிட்டுத் திருப்பினாள். இந்தப் பக்கம் இருந்த பியானோ அந்தப் பக்கம் போனது. ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை.

முதல் எண்காரர் பாட்டு முழுவதையும் இரு காதுக்கும் ஒரேபோல, நடுவில் கொட்டியிருக்கிறார். அனுபவமில்லாதவர்கள் செய்கிற பிழை.

இரண்டாம் எண்ணைப் போட்டாள். நேராக. திருப்பி. அதுவும் நடுவில்தான்.

இது பிழையில்லை. எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் ஒன்றையொன்று மிதிக்கும். இங்கே எதுவும் எதையும் மிதிக்கவில்லை. குரல் அவள் முகத்துக்கு எதிரே நின்றது. கிடார் ஓரடி தள்ளி. குட்டிக் கிடார் போன்ற உகுலேலே அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் இடம் இல்லாததால், முன்னும் பின்னுமாக யாரோ பொறுமையாக இடம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஒரு முழுப் பாட்டு ஒரே தடவையில் அவளுக்குள் போனது.

மூன்றாம் எண் தொடங்கியது. நெவிலுடையது. எடுத்த எடுப்பில் ஒரு கிலுகிலுப்பை. நட்டநடுவில், மூக்குக்கு நேராக.

ஹெட்போனைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

நான்கு, ஐந்து, ஆறு. எல்லாமே நடுவில். அவள் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

குழு இந்த மாதம் பேசாமல் இருக்கவில்லை. அவள் இல்லாத இடத்தில் பேசியிருக்கிறது.

எழுதி வைத்த தாளின் மேல் தேநீர்க் கோப்பையைத் தூக்கி வைத்துவிட்டு, கூட்டத்தைத் திறந்தாள். திரையில் முகங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒன்றும் தெரியாத முகங்கள்.

"என்ன தலைவி, கண்ணு செவந்திருக்கு? வெங்காயம் உரிச்சியா?" என்றான் தெவிதா.

"உன் கலவையைக் கேட்டேன்டா. யாருக்கா இருந்தாலும் அழுகை வரும்."

ஆறையும் போட்டுக் காட்டினாள். முடிந்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முதல் கருத்து அவளுடையது.

மொய்ரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மூணாம் நம்பர்ல கிலுகிலுப்பை ரொம்பச் சத்தம். காதைக் கிழிக்குது."

"ஒரு காதைத்தானே?" என்றான் நெவில்.

நெவில் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டான்.

முதலில் சிரித்தது மொய்ராதான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு ஆளாளுக்குச் சிரித்ததில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை.

அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த மாதப் பாட்டை எழுதிப் பாடி அனுப்பிய, கிஸ்போர்னில் இருக்கும் அனஹேரா அதுவரை காத்திருந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் அனுப்பின பாட்டுல கிலுகிலுப்பையே கிடையாதே?"