முனகாத சோபா

குவைத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்த தமீம், வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பவிருந்தார். பூனைக்குத் தடுப்பூசி, மருத்துவச் சான்றிதழ், விமான டிக்கெட் எல்லாம் தயார். சோபாவை மூன்றாவது மாடிக்காரர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

சோபாவுக்கு மனசு ஆறவில்லை. தன்மேல் சுருண்டு படுத்திருந்த பூனையிடம் கேட்டேவிட்டது.

"பதினாலு வருஷமா அவரைத் தாங்கினது நான். நீ என்ன செஞ்சே? என்னைப் பிறாண்டினே. உன்னைக் கூட்டிட்டுப் போறார், என்னை விட்டுட்டுப் போறார். இது என்ன நியாயம்?"

பூனை கொட்டாவி விட்டது. "எனக்கு ரெண்டு தடவை வயிறு கெட்டுப்போச்சு. ஒரு தடவை பால்கனியிலிருந்து விழுந்து கால் ஒடிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு ஓடினார். உனக்கு எப்பவாவது ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணுமே ஆகலையே," என்றது சோபா பெருமையாக. "ஒரு ஆணிகூடக் கழண்டதில்லை."

"அங்கேதான் நீ கோட்டை விட்டுட்டே."

மறுநாள் காலை இரண்டு பேர் வந்து சோபாவைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது அது முதல்முறையாகக் கிரீச்சென்று முனகியது.

பூனையைக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டிருந்த தமீம் நிமிர்ந்தார். கூண்டைக் கீழே வைத்தார். "பார்த்து, மெல்ல, மெல்ல" என்று ஓடிவந்து ஒரு முனையைத் தானே தாங்கிக்கொண்டார்.

மூன்றாவது மாடி போய்ச் சேரும்வரை சோபா முனகுவதை நிறுத்தவே இல்லை.