திரையின் பின்பக்கம்

பொழுது சாய்ந்த சர்ச் முற்றத்தில், இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை, பந்தல்குடி ரோட்டில் லாரி கடக்கும்போதெல்லாம் புடைத்து அடங்குகிறது. ஆண்கள் முன்பக்கம், பெண்கள் நாங்கள் பின்பக்கம் உட்கார்ந்து படம் பார்க்கிறோம். கொல்ல மாட்டேன் என்று வேதத்தை இறுகப் பிடித்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய், கூட்டாளிகள் விழுவதைக் கண்டு துப்பாக்கியை எடுக்கிறான். எங்கள் பக்கம் படம் இடவலம் மாறித் தெரிவதால் இடக்கையால் சுடுகிறான். "ஏ இன்பராணி, ஒன் வீட்டுக்காரரு மாதிரியே நொட்டாங்கை!" என்று சிரிக்கிறாள் செல்லக்கிளி. முன்பக்கம் கைதட்டல். சிப்பாயோ செத்தவர்களைப் பார்த்தபடி நிற்கிறான். அந்த முகத்திலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. படம் முடிந்ததும், நாளை பட்டாளத்துக்குத் திரும்பும் என் லாரன்ஸிடம், "நீங்க சுடுவீகளா?" என்று கேட்கிறேன். "தெரியல பிள்ள. கூட்டாளி விழுந்தா மொதல்ல தூக்குவேன்." பின்னொரு நாள் அப்படித் தூக்கப் போய்த்தான் அவர் திரும்பவில்லை. அது எதுவும் தெரியாத இந்த இரவில், அவருடைய இடக்கை என் கைக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறது.