நாங்களா, நாமளா?

பெரிய ஸ்டேடியத்துக்கும் கல்லூரி மைதானத்துக்கும் நடுவே ஒரு மதில். அதில் ஓர் ஓணான் குடியிருந்தது. ஸ்டேடியத்து விளக்குக் கம்பத்தில் வசித்த காக்கா, ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் மதிலுக்கு வந்து அபிப்பிராயம் சொல்லும். எதைச் சொன்னாலும் தலையாட்ட ஓணானை விட்டால் வேறு ஆளில்லை.

நகரத்து கிரிக்கெட் அணி ஜெயித்தால், "நாங்க ஜெயிச்சுட்டோம்டா!" என்று காக்கா இறக்கையை விரிக்கும். தோற்றால் ஓணானை ஒட்டி உட்கார்ந்து, "நாம தோத்துட்டோம்டா" என்று முனகும். கல்லூரி ஃபுட்பால் அணி என்றால் மட்டும், "அவனுங்களா? கோல் எந்தப் பக்கம்னே தெரியாது" என்று அலகைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த வருஷம் கல்லூரி அணி கோப்பையை வென்றுவிட்டது. காக்கா பறந்து வந்தது.

"நாங்க கப்பு அடிச்சுட்டோம்டா!"

ஓணான் முதன்முறையாக வாயைத் திறந்தது. "அண்ணே, அந்த நாங்கள்ல நானும் உண்டா?"

"நீ எப்படிடா? நீ வெறும் தலையாட்டுறவன்."

ஓணான் அதற்கும் தலையாட்டியது.

மறுநாள் நகரத்து அணிக்கு இறுதிப் போட்டி. ஜெயிக்கக் கடைசிப் பந்தில் நாலு ரன் வேண்டும். ஸ்டேடியமே எழுந்து நின்றது. காக்கா கம்பத்தில் தொண்டை கிழியக் கத்தியது. மதில் மேலிருந்த ஓணான், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு, காக்கா வந்து உட்கார இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.