குடிக்காத தண்ணீர்

அமெரிக்கப் பள்ளியில் வரலாறு நடத்தும் செங்கமலம், பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு பழைய புகைப்படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். சுவரில் இரண்டு குடிநீர்க் குழாய்கள். ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பருக்கு.

மறுநாள் மாலை மாணவி ஒருத்தியின் அப்பா ரகோத்தமன் வந்தார். தமிழ்க் குரல் கேட்ட மகிழ்ச்சியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“படத்தைப் பார்த்துட்டு பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதா டீச்சர். சீ, என்ன மனுஷங்க! தண்ணியிலயா பேதம் பார்ப்பாங்க?” பொருமியபடியே தம்ளரைத் தூக்கினார். “ஆமா, உங்களுக்கு எந்த ஊரு?”

“விருத்தாசலம் பக்கம்.”

“அட, நம்ம பக்கம்! ஊருக்குள்ளயா?”

“இல்ல சார், காலனி.”

உதடுவரை போன தம்ளர் நின்றது. “இப்பதான் காபி குடிச்சேன்” என்று அதை மேசையில் வைத்தவர், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனபின் தண்ணீரைக் கொட்டப் போன செங்கமலம், கொட்டாமல் திரும்பினாள்.

காலையில் அந்தத் தம்ளரை வகுப்பின் நடுவே வைத்தாள். “இதையும் பாருங்க. என்ன தெரியுது?”

ரகோத்தமனின் மகள்தான் முதலில் கையை உயர்த்தினாள். “யாரோ குடிக்காம வெச்சுட்டுப் போயிருக்காங்க. யாரு மிஸ்?”