முதுகில் இருக்கும் தழும்பு

நீதிமன்ற ஜன்னல் வெயில், கூண்டில் நிற்பவனின் முதுகில் விழுகிறது. வக்கீல் அவன் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். சின்ன வயதில் அப்பன் சுட்ட தழும்பாம், மனம் பேதலித்தவனாம், தண்டனையைக் குறைக்க வேண்டுமாம். மனநல டாக்டர் தலையாட்டுகிறார். மின்விசிறி கடகடக்கிறது. அவன் கத்திக்கு மகளைப் பறிகொடுத்த தையல்காரி, முன்பெஞ்சிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட தடம். பொய்யில்லை. தன்னையறியாமல் உச்சுக்கொட்டுகிறாள், அதுவே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. "பாவந்தான்க்கா" என்று முனகுகிறான் தம்பி. "பாவந்தான். சுட்டது எம்பொண்ணா? அவங்கப்பனைக் குத்த வேண்டியதுதானே?" "மெதுவாக்கா." "நானுந்தான் தூங்கி மாசக்கணக்காச்சு. எனக்கும் புத்தி பேதலிச்சிருச்சுன்னு அந்த டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வைடா. இவன் வெளிய வர்ற அன்னிக்கு எனக்கு வேணும்." தம்பி சிரிக்க வாயைத் திறக்கிறான். அக்காவின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறான்.