எழுதாத மொய்

பெயரைத் தட்டினாள். ஊர். தொகை. சின்ன மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது.

கிழித்துக் கொடுத்தாள். சிரித்தாள்.

காலையிலிருந்து நானூறு தடவைக்கு மேல் சிரித்தாயிற்று. கன்னம் வலித்தது.

மொய் விருந்துக்குக் கணக்கு அடிக்க ஆள் வைத்தால் அதற்கொரு ஐயாயிரம். ஆகவே தன் படிப்புக்கு வரும் மொய்யைத் தானே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் பேராவூரணிப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கிடா வெட்டிச் சோறு போட வேண்டியது. சாப்பிட்டவர்கள் பணம் வைப்பார்கள். வட்டி கிடையாது. ஆனால் நாளைக்கு அவர்கள் வீட்டு விருந்தில், வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி வைத்தாக வேண்டும். இந்தப் பணத்தில் ஒருத்தர் வீடு கட்டுவார், ஒருத்தர் போர்வெல் போடுவார்.

அப்பா அவளை அயர்லாந்துக்கு அனுப்புகிறார். ஒரு வருடப் படிப்பு.

பந்தல் வாசலில் பேனர். அதில் அவள் கோட்டுப் போட்டு, விமானத்தின் முன்னால் நின்றாள். கோட்டும் விமானமும் பேனர்காரர் ஒட்டியது.

"அயர்லாந்து எங்க ஆத்தா இருக்கு? துபாய்க்கு அங்கிட்டா?"

"ஆமா சித்தப்பா."

ஐந்நூறு. கிர்ர். சிரிப்பு.

மிச்சக் கட்டணத்தை நாளைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும். அவ்வளவுதான்.

கடைசிப் பந்தி எழுந்தது. அப்பா வந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தார். அடியில் மொத்தம். கட்டணத்துக்கு இன்னும் இரண்டு லட்சம் குறைந்தது. செல்லை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார்.

இனி வர ஆளில்லை.

அரைமணி நேரம் கழித்துப் பெரியத்தை வந்தார். அப்பாவின் அக்கா. பின்னால் அவர் மகன் இளவழகன், வேட்டி மடிப்புக் கலையாமல். உரக்கடை வைத்திருக்கிறான். நல்லவன்தான். அதுதான் எரிச்சல். பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணம்கூடத் தரமாட்டேன் என்கிறான்.

போன தையில் அத்தை அவனுக்கு இவளைப் பெண் கேட்டு வந்தார். "படிப்பு முடியட்டுமே அக்கா" என்று அப்பா மழுப்பி அனுப்பினார்.

அத்தை மஞ்சள் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நான்கு கட்டு. சரியாக இரண்டு லட்சம்.

எவ்வளவு குறைகிறது என்று அத்தைக்கு யார் சொன்னது?

அப்பாவைத் தேடினாள். அப்பா அண்டாவைத் திறந்து, குழம்பு எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பழக்கத்தில் விரல்கள் அத்தையின் பெயரைத் தட்டத் தொடங்கின.

"எழுதாத, ஆத்தா." அத்தை அவள் கன்னத்தைத் தடவினார். "நம்ம வீட்டுக்கு வரப்போற புள்ளைக்கு நாமளே மொய் வப்பமா?"

விரல் நின்றது.

எழுதியதைப் பணமாகத் திருப்பலாம். பத்து வருடம் ஆனாலும் திருப்பிவிடலாம்.

எழுதாததை?

இளவழகன் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான். விமானத்தை அல்ல.

பேசாமல் இருந்தால் போதும். தலையாட்டக்கூட வேண்டாம். நாளை பணம் கட்டிவிடலாம். அடுத்த மாதம் பறந்துவிடலாம். ஒரு வருடம்.

அப்புறம்?

ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஊரே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது, ஒருவரிடமாவது இதைச் சொல்லி அழ முடியுமா?

தட்டினாள். பெயர். ஊர். இரண்டு லட்சம்.

கிர்ர்.

சீட்டைக் கிழித்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். இந்த முறை சிரிக்க வரவில்லை.

"இந்தாங்க அத்தை."

அப்பாவின் கையிலிருந்து அண்டா மூடி விழுந்து உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை.

அத்தை சீட்டை வாங்கவில்லை.

மஞ்சள் பையை விரித்துக்கொண்டு, கட்டுகளின் மேல் கையை வைத்தார்.